சிலிண்டர் மாற்றிய தேதி

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. பத்து நாள் கழித்து நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக்கடை வாசலில் நின்று, 15 கிலோ சூரியகாந்தி எண்ணெய் டின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வந்தா இந்த விலை கிடைக்காதுக்கா" என்று கடைப்பையன் சொன்னது பொய்யில்லை. மறுநாளே விலை ஏறியது. கெட்டிக்காரி என்று வீட்டில் எனக்கு இரண்டு நாள் பெயரும் கிடைத்தது.

எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் இரண்டரை கிலோ எண்ணெய் ஆகும். அப்படியானால் டின் தீர ஆறு மாதம் என்ற கணக்கை டின் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் போட்டேன். டின் நிறைய எண்ணெய் இருக்கிற தைரியத்தில் வாரம் ஒரு நாள் பஜ்ஜி, ஞாயிறன்று பூரி என்று கை தாராளமாகிவிட்டது. இரண்டரை கிலோ மூன்று கிலோ ஆனது. சித்திரை வெயில், வைகாசி வெயில் எல்லாம் அந்தத் திறந்த டின் மேல்தான். ஆனிக் கடைசியில் அப்பளம் பொரித்தபோது லேசாகக் காறல் வாடை. ஆடியில் சந்தேகத்துக்கே இடமில்லை. மிச்சம் மூன்று கிலோ விளக்குக்குக்கூட ஆகாமல் போனது. அதற்குள் கடையில் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியிருந்தது.

அந்த டின்னிலிருந்துதான் இந்த அத்தியாயம் பிறந்தது. சண்டை நடக்கும் காலத்தில் விலை யார் கையிலும் நிற்காது. ஒரு வீட்டின் கையில் நிற்பது அளவு மட்டுமே. அந்த அளவு எவ்வளவு என்று தெரியாமலேயே பெரும்பாலான வீடுகளில் செலவு நடக்கிறது. என் வீட்டிலும் நடந்தது.

விலை வந்து சேரும் வழி

எங்கோ நடக்கிற சண்டை நம் வீட்டு வாணலிக்குள் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். எது முதலில் ஏறும், எது பின்னால் ஏறும் என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும்.

நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் அப்போது பெரும்பாலும் உக்ரைனிலிருந்து. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் உலகம் முழுக்கப் பாமாயில் பக்கம் திரும்பியது. தன் மக்களுக்கே எண்ணெய் கட்டுப்படியாகவில்லை என்று இந்தோனேசியா ஏப்ரல் 28 அன்று ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 அன்றுதான் திறந்துவிட்டது. உக்ரைனில் ஒரு வயல் எரிந்தால் கோவில்பட்டியில் முறுக்கு விலை ஏறுவது இந்த வழியாகத்தான்.

எண்ணெய் முதல் வாரத்திலேயே ஏறிவிடும். பெட்ரோலும் கேஸும் கொஞ்சம் தாமதித்து ஏறும், அதில் அரசியலும் உண்டு. கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது மார்ச் 7 அன்று. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்து, மார்ச் 22 அன்றுதான் பங்க்கில் விலை அசைந்தது. அதே நாளில் வீட்டு சிலிண்டரும் 50 ரூபாய் ஏறி, சென்னையில் 965.50 ஆனது. ஜூலை 6 அன்று அது 1068.50. டீசல் ஏறினால் லாரி வாடகை, லாரி வாடகை ஏறினால் காய்கறி. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை மாதாமாதம் 1ஆம் தேதி மாறும். டீயும் மெஸ் சாப்பாடும் ஏறுவது அங்கிருந்து. உரம் அடுத்த சாகுபடிக்குத்தான் உறைக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, வீட்டுக்கடன் வட்டி. அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன். பலரும் கவனிக்கத் தவறுகிற இடம் அது.

ஒன்று மட்டும் இடையில். தக்காளி விலைக்குப் போரைக் குறை சொல்லாதீர்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதற்கு மழையும் வெயிலும் காரணம். பீரங்கிக்கு அதில் பங்கில்லை. ஏறியதற்கெல்லாம் ஒரே காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் தானாக இறங்கப்போவது எது, இறங்காதது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். தக்காளி நாற்பது நாளில் இறங்கும். புளியை வைத்துச் சமாளிக்கலாம். கேஸ் அப்படி இல்லை. 2022இல் ஏறிய சிலிண்டர் 2023 மார்ச்சில் இன்னும் 50 ஏறி, ஆகஸ்ட் கடைசியில்தான் 200 ரூபாய் இறங்கியது.

ரூபாயை விட்டு அளவை எழுதுங்கள்

வரவு செலவு நோட்டு எழுதுகிற வீடுகளில்கூட ரூபாயைத்தான் எழுதுகிறார்கள். போன மாதம் எண்ணெய் 400, இந்த மாதம் 520. இதைப் பார்த்து என்ன தெரியும்? விலை ஏறியதா, நாம் கூட ஊற்றினோமா, இரண்டுமா? ஒன்றும் தெரியாது. விலை நிலையாக இருக்கிற காலத்தில் ரூபாய்க் கணக்கு போதும். விலை ஆடுகிற காலத்தில் அது வெறும் புலம்பல் நோட்டு.

எட்டே எட்டு வரி எழுதினால் போதும். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர், சர்க்கரை, பால், சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, கரண்ட் எத்தனை யூனிட், வண்டிக்குப் பெட்ரோல் எத்தனை லிட்டர். பக்கத்தில் விலை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். உங்கள் வீடு மாதம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று உங்களுக்கே முதல் முறையாகத் தெரியவரும்.

எண்ணெய்க்கு நான் செய்வது இது. 1ஆம் தேதி அந்த மாதத்துக்கு உரியதை ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றிவிடுவேன். தாளிப்பதும் பொரிப்பதும் அந்தத் தூக்கிலிருந்து மட்டும். 20ஆம் தேதி தூக்கு காலியானால் அந்த மாதம் அவித்த பலகாரம்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். நாங்கள் இப்போது இரண்டேகாலில் நிற்கிறோம். அந்தக் கால் லிட்டர் என் வீட்டுக்காரரின் அப்பளம். அதில் கை வைக்கப் போவதில்லை.

ரேஷன் கடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். உலக விலை எங்கே போனாலும் அந்த இரண்டும் அங்கேயே நிற்கிற விலைகள். 2022இல் வெளியே அவற்றுக்குப் பல மடங்கு கொடுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் அட்டை இருந்தும் வாங்காத வீடுகள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டு. "பாமாயிலா?" என்று முகம் சுளித்தவர்கள், ஹோட்டலில் அதே எண்ணெயில் பொரித்த வடையை ரசித்துச் சாப்பிட்டார்கள். பொரிக்கப் பாமாயில், தாளிக்கக் கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் ருசியும் போகாது, பணமும் போகாது. ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்கு ஊறப்போடுவது தமிழ்நாட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காலண்டர் அட்டை

எங்கள் அடுக்களையில் தினசரித் தாள் கிழிக்கிற காலண்டர். அதன் அட்டையின் ஓரத்தில் அத்தை பென்சிலால் சிலிண்டர் மாற்றிய தேதிகளை வரிசையாக எழுதிவைப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏஜென்சிக்காரனைத் திட்டுவதற்காக எழுதுகிறார் என்று நினைத்தேன்.

45 நாள், 44 நாள், 46 நாள் என்று போய்க்கொண்டிருந்த சிலிண்டர் ஒரு முறை 34 நாளில் தீர்ந்தது. விருந்தாளி வரவில்லை, பலகாரம் சுடவில்லை. அத்தை அட்டையைப் பார்த்துவிட்டு நேராக அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார். சுடர் நீலமாக இல்லை; நுனியில் மஞ்சள். பெரிய பர்னரில் பால் பொங்கி வழிந்து பாதித் துளை அடைத்துக்கிடந்தது. ஊசியால் குத்தி, சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். குழாயிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நுரையைத் தடவிக் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தோம், இல்லை. அடுத்த சிலிண்டர் 45 நாள் வந்தது. அட்டையில் தேதி இல்லாவிட்டால் "கேஸ் எடை குறைவாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் எரித்துக்கொண்டிருப்போம்.

எடை குறைவும் நடக்கலாம். சிலிண்டரின் மேல்பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். நிறைந்த எடையிலிருந்து அதைக் கழித்தால் 14.2 கிலோ இருக்கவேண்டும். கொண்டுவருகிறவரிடம் தொங்கு தராசு இருக்கவேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. "தம்பி, ஒரு எடை போட்டுருங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சண்டைபோடத் தேவையில்லை.

மிச்சம் பிடிக்கிற வழிகளில் பெரியது ஒன்றுதான்: குளிக்கிற தண்ணீரைக் கேஸில் காய்ச்சாதீர்கள். மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் மொட்டைமாடி வெயிலே குடத்துத் தண்ணீரைச் சூடாக்கித் தரும். அடுத்தது பருப்பு. அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு இரண்டு விசில் போதும், ஊறாததற்கு நாலு. ஒரே குக்கரில் அடுக்கு வைத்து அடியில் பருப்பு, மேலே சாதம். குக்கர் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். இதெல்லாம் உங்கள் பாட்டி சொன்னதுதான் என்பதால் ஓடிவிடுகிறேன்.

ஐநூறாவது யூனிட்

கேஸ் ஏறும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிடலாமா? ஆமாம் என்று சொல்வோரும் இல்லை என்று சொல்வோரும் உங்கள் ஈ.பி. அட்டையைப் பார்க்காமலேயே சொல்கிறார்கள்.

கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஒரு சிலிண்டரின் சூட்டை, கேஸ் அடுப்பில் வீணாவதையும் இண்டக்‌ஷனில் வீணாவதையும் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ 135 யூனிட் மின்சாரம் ஒரு சிலிண்டர் வேலையைச் செய்யும். சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் சிலிண்டர். அதாவது 180 யூனிட். 1068.50 விலையில் கேஸ் செலவு சுமார் 1,425 ரூபாய்.

2022 செப்டம்பரில் வந்த மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101லிருந்தே 4.50, 500க்கு மேல் 600 வரை யூனிட் 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஒரு ஃபேனைக் கொஞ்ச நேரம் கூட ஓடவிட்டதற்கு.

இப்போது இரண்டு வீடுகள். முதல் வீட்டில் ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிறது. 180 சேர்ந்தால் 480. கூடுதல் கட்டணம் 930 ரூபாய். கேஸை விட 495 ரூபாய் லாபம், தாராளமாக மாறலாம். இரண்டாவது வீட்டில் 400 ஓடுகிறது. 180 சேர்ந்தால் 580. கூடுதல் கட்டணம் 1,465. நாற்பது ரூபாய் நஷ்டம், அதோடு புது அடுப்பும் அதற்கேற்ற பாத்திரமும் வாங்கிய செலவு. அந்த வீடு முழுதாக மாறக் கூடாது. டீ, பால், வெந்நீர் மட்டும் இண்டக்‌ஷனில் வைத்து 490இல் நிறுத்திக்கொள்ளலாம். கட்டணம் அதன்பிறகு மாறியிருக்கிறது, கேஸ் விலையும் மாறியிருக்கிறது. இன்றைய எண்களைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். வழி இதுதான்.

இதற்கு மீட்டரைப் படிக்கத் தெரியவேண்டும். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து ஐம்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 430 தாண்டியிருந்தால் மீதிப் பத்து நாளைக்கு அயர்ன் பாக்ஸும் கிரைண்டரும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். ஏசி இருக்கிற வீடுகளுக்கு இந்த அறிவுரை எடுபடாது. அவர்கள் கோடையில் 500ஐத் தாண்டியே தீருவார்கள். அவர்கள் கேஸிலேயே இருக்கட்டும்.

இருப்பும் பதுக்கலும்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது, அரிசிச் சோறு மட்டுமே தெரிந்த வீடுகளுக்குள் கோதுமை வந்தது. பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார், ரவா இட்லி அந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் பிறந்தது என்று சொல்கிறார்கள். வங்காளத்தில் அடுத்த ஆண்டு லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அரிசி அடியோடு இல்லாமல் போனதால் மட்டும் அல்ல. விலை ஏறும் என்று வாங்கி அடைத்துவைத்ததும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்து பொருளாதாரத் தடை. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் செலவழிக்க ஜாம் போத்தலில் விளக்கு செய்துகொண்டார்கள். அங்கே காசு இருந்தாலும் பொருள் இல்லை. நமக்கு வந்தது அந்த நிலைமை இல்லை. 2022இல் இங்கே பொருள் இருந்தது, காசுதான் போதவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் டின் டின்னாக வாங்குகிறோம்.

கெடுவதற்குள் எப்படியும் தின்று தீர்ப்பது இருப்பு, மற்றது பதுக்கல். புளி, மிளகாய், மல்லி ஆகியவற்றைப் பங்குனி, சித்திரையில் வாங்கி வெயிலில் போட்டு ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நம் வழக்கம், அதை விடாதீர்கள். அரிசி இரண்டு மாதத்துக்கு. பருப்பு இரண்டு மாதத்துக்கு, காயவைத்து. எண்ணெய் அந்த மாதத்துக்கு உரியதும், சீல் உடைக்காத ஒரு லிட்டரும். முடிந்தால் இரண்டு சிலிண்டர் இணைப்பு. ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததைப் பதிவு செய்துவிட்டால் தட்டுப்பாட்டு வதந்தி கிளம்புகிற வாரத்தில் நீங்கள் ஏஜென்சி வாசலில் நிற்கவேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

அடுக்களைக்கு வெளியே

விலைவாசி ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும். 2022 மே 4 அன்று ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. 2023 பிப்ரவரியில் 6.50. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு எண்ணெயும் கேஸும் சேர்ந்து எடுத்ததை விட இது அதிகம் எடுத்தது.

வங்கிகள் பெரும்பாலும் தவணைத் தொகையை ஏற்றாமல் தவணை எண்ணிக்கையைக் கூட்டிவிடும். மாதம் போகிற பணம் மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. 20 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் தவணை 15,506 ரூபாய். வட்டி 9.5 ஆனால் 20 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 15,833. பழைய தவணை வட்டிக்கே போதாது; அசல் குறையாது. வங்கிக்குப் போய் "இன்னும் எத்தனை தவணை பாக்கி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் முன்பு இருந்ததை விடப் பெரிதாக இருந்தால், கொஞ்சமாவது தவணையை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

மளிகைக்கடன் எக்காரணம் கொண்டும் அடுத்த மாதத்துக்கு நகரக் கூடாது. தின்று தீர்ந்ததற்கு வட்டி கட்டுவது போல எரிச்சல் வேறில்லை. கந்துவட்டிக்காரரிடம் போவதை விட நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைப்பது நல்லது. ஆனால் போர்க்காலத்தில் தங்கம் விலை ஏறும்; "அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் தரட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். இருப்பதில் சிறிய நகையை வையுங்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மீட்கிற மாதத்தை அன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

எங்கள் காலண்டர் அட்டையில் 2022 செப்டம்பரில், சிலிண்டர் தேதிகளுக்குக் கீழே, அத்தையின் பென்சில் எழுத்தில் "வளையல் 2" என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் "தை". தை 20ஆம் தேதி நான்தான் அதைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். அந்த அட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை.